ஹட்டன் சரிவில் ஒரு டிசைன் ஸ்கூல்: பிளானைச் சுருட்டி வையுங்கள், செக்ஷனை எடுங்கள்

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு வேலைக்குத் தலைப்புத் தேடும்போது 'டிசைன் ஸ்கூல்' என்று எழுதிக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. நல்ல தலைப்புத்தான். தாங்கள் தினமும் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரியான இடத்தையே வரையப் போகிறார்கள், அதில் என்ன குறை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கையில் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு பிளான், மேலிருந்து பார்க்கிற தளப்படம். சதுர நிலம், நடுவில் முற்றம், நாலு பக்கமும் ஸ்டூடியோ. நிலம் எங்கே என்று கேட்டால் நம் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் என்பார்கள், இல்லாவிட்டால் பண்டாரவளை. ஹட்டன் டவுனில் அப்படிச் சமமாகக் கிடக்கிற நிலம் என்றால் எனக்கு டன்பார் மைதானம்தான் ஞாபகம் வருகிறது. அதை உங்களுக்கு யாரும் தரமாட்டார்கள்.

நான் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். அப்பா ஸ்டோரில் பிட்டர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இப்போது கண்டியில் இருந்துகொண்டு மலைநாட்டு நகரங்களில் கட்டடம் வரைகிறேன், இடையிடையே மாணவர்களின் வரைபடங்களையும் பார்க்கிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையில் டிசைன் ஸ்கூல் செக்ஷனில்தான், அதாவது கட்டடத்தையும் நிலத்தையும் மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டுகிற படத்தில்தான், தீர்மானமாகிறது. அந்த செக்ஷனை நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த ஸ்டோர் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது.

பழைய ஸ்டோரைப் பாருங்கள். கொழுந்து மேல்மாடிக்குப் போகும். அங்கே இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல், நடுவில் தட்டுத் தட்டாக வாட்டல். வாடிய கொழுந்தைக் கீழே தள்ளினால் தரைத்தளத்தில் அதைச் சுருட்டுகிற ரோலர்கள் காத்திருக்கும். பாரமும் அதிர்வும் உள்ள யந்திரமெல்லாம் கெட்டியான தரையில். அடுப்பும் டிரையரும் அங்கேயேதான். டிரையரின் சூட்டை மேலே இழுத்து, மழை நாளில் கொழுந்து வாட்டப் பயன்படுத்தியதும் உண்டு. பாரம் கீழே, வெளிச்சம் மேலே, சூடு மேல்நோக்கி, சரக்கு கீழ்நோக்கி. டிசைன் ஸ்கூலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தச்சு, இரும்பு, மண்பாண்ட வேலை கீழே. மேசை போட்டு வரைகிற வேலை மேலே. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் இன்று ஹோட்டலாகி நிற்கிறது. ஒரு முறை போய், தேநீர் மட்டும் குடித்துவிட்டாவது மாடிகளின் உயரத்தையும் ஜன்னல்களின் வரிசையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கணக்குப் போட வசதியாக ஒரு நிலத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 20 பேர்ச், அதாவது ஏறக்குறைய 500 சதுர மீட்டர். ரோட்டுப் பக்கம் 18 மீட்டர் அகலம், பின்னால் பள்ளத்தை நோக்கி 28 மீட்டர் நீளம். இந்த 28 மீட்டரில் நிலம் 7 மீட்டர் இறங்குகிறது. நாலுக்கு ஒன்று சரிவு. இரண்டு பக்கமும் அடுத்தவர் கட்டடம், கீழே ஒரு சின்ன லொறி வரக்கூடிய சந்து. வடக்கே ரோடு, தெற்கே பள்ளம். ஹட்டன் டவுனில் இப்படியான நிலம் அதிசயமில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிக் கடை, பின்னால் போய்ப் பார்த்தால் நாலு மாடி.

மழையில் போய்ப் பாருங்கள்

நிலத்தைப் பார்க்க நல்ல வெயில் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லோரும் செய்கிற காரியம். படம் அழகாக வரும், அவ்வளவுதான். எங்களோடு வேலை செய்கிற வயதான மேசன் பாஸ் ஒருவர் இதைத்தான் சொல்வார்: "மிஸ், மழையில வந்து பாருங்க. வெயில்ல பாத்தா நெலம் ஊமை மாதிரி, ஒண்ணும் சொல்லாது." ஹட்டன், நோர்வுட், கினிகத்தேனைப் பக்கம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் போக வேண்டும். பதுளை, பண்டாரவளை என்றால் கணக்கு வேறு. அங்கே ஒக்டோபர், நவம்பர் இடிமழையும், அதைத் தொடர்ந்து வருகிற வடகீழ் மழையும்தான் நிலத்தின் குணத்தைக் காட்டும்.

உங்கள் எல்லைக்குள் மட்டும் நிற்காதீர்கள். மேலே ஏறிப் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் ஓடுகிற பழைய கான்கள் எங்கே அடைபட்டிருக்கின்றன, மரங்கள் அடியில் வளைந்து நிற்கின்றனவா, ரோட்டில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா, வெயில் நாளிலும் கசிகிற ஊற்று உண்டா என்று பாருங்கள். தோட்டத்தில் கான் வெட்டுவது தனி வேலையாகவே இருந்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீரை வழி மாற்றாமல் விட்டால் மண் நிற்காது. அடியில் உள்ள மண் அங்கேயே பாறை இற்றுப்போய் உண்டானதா, மேலிருந்து எப்போதோ சரிந்து வந்து படிந்ததா என்பது மிக முக்கியமான கேள்வி. இரண்டாவது வகை மண் மறுபடியும் நகர ஆயத்தமாக இருக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, குழி தோண்டிப் பார்க்க வேண்டும்.

நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குப் போகும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவைப்படும். மாணவர் வேலைதானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த நிறுவனத்தின் அபாய வலயப் படத்தில் உங்கள் நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை முதல் தாளிலேயே காட்டுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களோடு மண்ணுக்குள் போன சனத்தை நினைத்துப் பார்த்தால் இதை நான் வற்புறுத்துவது ஏனென்று புரியும்.

அந்த நிறுவனம் 24 மணித்தியால மழையை வைத்து எச்சரிக்கை விடுகிறது: 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். கட்டடம் வரைகிறவருக்கும் அந்த 150 பயன்படும். உங்கள் கூரை 400 சதுர மீட்டர் என்றால் அப்படியொரு நாளில் அதில் விழுகிற தண்ணீர் 60,000 லீட்டர். அந்த 60,000 லீட்டரும் எந்தப் பீலியில் இறங்கி, எந்தக் கானில் ஓடி, எங்கே போய்ச் சேருகிறது என்று செக்ஷனில் நீலக் கோட்டால் வரையுங்கள். 'நகர சபை வடிகாலில் சேரும்' என்று எழுதினால் நான் அடுத்த கேள்வி கேட்பேன்: அந்த வடிகாலின் அகலம் என்ன? கீழ்வீட்டுக்காரரின் கூரைமேல் திறந்துவிடுகிற வடிவமைப்பை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வெட்டுவதைக் குறையுங்கள்

நம் நிலத்தை ஒரே மட்டமாக்கினால் என்ன ஆகும்? கீழ்ச் சந்தின் மட்டத்துக்கு வெட்டினால் ரோட்டோரத்தில் 7 மீட்டர் செங்குத்து வெட்டு. பிரதான ரோட்டுக்குக் கீழே, லொறியும் பஸ்ஸும் போகிற இடத்தில். மறுபுறம், ரோட்டு மட்டத்துக்கு நிரப்பினால் பள்ளத்துப் பக்கம் 7 மீட்டர் நிரப்பு மண், அதன்மேல் கட்டடம். இரண்டுமே வேண்டாம்.

படியாக இறங்குங்கள். ரோட்டு மட்டத்துக்கு 3.5 மீட்டர் கீழே ஒரு தளம். அது ரோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளித் தொடங்கட்டும். அங்கே நிலம் ஏற்கெனவே 2 மீட்டர் இறங்கியிருக்கும், ஆக வெட்டு 1.5 மீட்டர்தான். அதற்குக் கீழே, 7 மீட்டர் ஆழத்தில் கடைசித் தளம். அது ரோட்டிலிருந்து 18 மீட்டர் தள்ளித் தொடங்கினால் வெட்டு 2.5 மீட்டர். எங்கும் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதற்குமேல் போகவில்லை. தூண்களின் அத்திவாரம் நிரப்பு மண்ணில் நிற்காமல் கெட்டி மண்ணுக்குப் போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மண்ணைத் தாங்குகிற சுவரையே அறையின் சுவராக ஆக்காதீர்கள். டவுனில் ரோட்டுக்குக் கீழே உள்ள அறைகளின் பின்சுவர் எப்படி வேர்க்கும், சுண்ணாம்பு எப்படிப் பொரிந்து விழும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தாங்கு சுவர் தனியே, கட்டடச் சுவர் தனியே, நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. தாங்கு சுவரின் பின்னால் சரளைக்கல், அடியில் துளையிட்ட குழாய், சுவரில் வரிசையாக நீர்க்கசிவுத் துவாரங்கள். அந்த ஒரு மீட்டர் இடைவெளியில் ஓர் ஆள் இறங்கி, கானைச் சுத்தம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'இடம் வீண்' என்று சொல்லும் கொன்ட்ராக்டர் கட்டாயம் இருப்பார். அந்த இடைவெளி வழியாக மேலிருந்து வெளிச்சமும் காற்றும் உள் அறைகளுக்கு வரும் என்று காட்டினால் கொஞ்சம் அடங்குவார்.

எதை எங்கே வைப்பது

கடைசித் தளம், 18க்கு 10 மீட்டர்: தச்சு, இரும்பு, மண்பாண்டச் சூளை. சந்தில் லொறி நின்று பலகையை நேரே உள்ளே தள்ளலாம். தரை மண்மேல் இருப்பதால் யந்திர அதிர்வு மேலே போகாது. மரத்தூளை இழுக்கிற காற்றாடிக்கும் சூளைப் புகைபோக்கிக்கும் பள்ளத்துப் பக்கம் திறந்த வெளி. சூளையின் கழிவுச் சூட்டை மேல்தளத்தில் ஒரு உலர்த்தும் அறைக்குக் கொண்டு போங்கள். ஸ்டோரில் செய்த அதே வேலை. ஜூலை மாதம் ஹட்டனில் பூசிய பெயின்டும் ஒட்டிய பசையும் காய்வதற்குள் பொறுமை போய்விடும். அந்த அறை இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஹெயார் டிரையரோடுதான் திரிய வேண்டும்.

அதற்கு மேல் தளம்: துணி அச்சு, சாயம், தறி, கணினி, களஞ்சியம், கழிப்பறைகள். தறிக்கு இடம் விடுங்கள் என்று குறிப்பாகச் சொல்கிறேன். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் சேர்ந்த முதல் இலங்கைப் பெண், கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்கு 1951 வாக்கில் கட்டிமுடித்த வீட்டில் தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினைஞர் செய்த சுடுமண் ஓடுகளையும் கட்டடத்தின் பகுதியாகவே சேர்த்தார். நம் பள்ளியில் கைவினைஞர்கள் வந்து கற்பிக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு விருந்தினர் நாற்காலி போதாது. தறி, உளி வைக்கும் பெட்டி, பூட்டுள்ள அலுமாரி எல்லாம் பிளானில் இருக்க வேண்டும்.

சாய அறை, களிமண் அறை, பிளாஸ்டர் அறை மூன்றுக்கும் கழுவுதொட்டிக்குக் கீழே வண்டல் தங்கும் தொட்டி வையுங்கள். இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே குழாய் கல்லாகிவிடும். சாயத் தண்ணீரை அப்படியே கானில் விட முடியாது. டிக்கோயாப் பக்கம் இறங்குகிற தண்ணீர் போய்ச் சேர்வது காசல்ரீ நீர்த்தேக்கத்தில்.

ரோட்டு மட்டத்தில் காட்சிக்கூடம், நூலகம், அலுவலகம், ஒரு தேத்தண்ணிக் கடை. அலுவலகத்தைப் பின்னால் தள்ளுங்கள். ரோட்டைப் பார்த்த முகம் முழுவதும் காட்சிக்கூடத்துக்கு. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி நல்லதண்ணி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். மாணவர் செய்த நாற்காலியையும் துணியையும் பார்ப்பதற்கு அதைவிடப் பெரிய கூட்டம் எங்கே கிடைக்கும்? சம்பள நாளில் டவுனுக்கு வருகிற தோட்டத்துச் சனமும் தயங்காமல் உள்ளே நுழைய வேண்டும். அதற்குப் படி ஏறாத வாசல் வேண்டும். காவலாளியின் கூண்டு வாசலின் நடுவில் இருக்கக் கூடாது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேசை போட்டு ஒருவரை உட்கார வைத்தால், கூடையும் குடையுமாக வருகிற எங்கள் அம்மாமார் ஒருபோதும் உள்ளே வரமாட்டார்கள்.

இதற்கு மேலே இரண்டு மாடி ஸ்டூடியோ.

வெளிச்சம்: வடக்கை நம்பலாமா?

பாடப்புத்தகங்களில் 'ஸ்டூடியோவுக்கு வடக்கு வெளிச்சம்' என்று இருக்கும். அது எழுதப்பட்டது வேறு வானத்தின் கீழ். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கின்டொஷ் வரைந்தது, 1897இல் தொடங்கி 1909இல் முடிந்தது. விசித்திரம் என்னவென்றால் அந்த நிலமும் நம் கற்பனை நிலமும் ஒரே ஜாதி: வடக்கே ரோடு, தெற்கே இறங்குகிற செங்குத்துச் சரிவு, நகரத்தின் நடுவே. அவர் ரோட்டுப் பக்கம் பிரம்மாண்டமான ஜன்னல்களை வைத்தார். ஏறக்குறைய 56 பாகை வடக்கில் இருக்கிற ஊர் அது, நடுப்பகல் வெயில் வடக்கு ஜன்னலுக்கு ஒருநாளும் வராது. ஓவியருக்கு அது வரம்.

ஹட்டன் 7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரமளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே நிற்கிறது. ஜூன் 21 நடுப்பகலில் வடக்கு வானத்தில் ஏறக்குறைய 73 பாகை உயரம். டிசம்பர் 21இல் தெற்கே, ஏறக்குறைய 60 பாகை. ஆக இரண்டு பக்கமும் வெயில் வரும், ஆனால் இரண்டு பக்கமும் உயரமான வெயில். ஜன்னலுக்கு மேலே நீட்டிய தாழ்வாரத்தால் தடுத்துவிடலாம். ஜன்னல் உயரம் 2.4 மீட்டர் என்றால், நடுப்பகல் வெயிலை முழுதாக மறைக்க வடக்கே 70 சென்டிமீட்டர் தாழ்வாரம் போதும், தெற்கே 1.4 மீட்டர் வேண்டும். கணக்கு இப்படிச் சொன்னாலும் நான் வடக்கேயும் 1.2க்குக் குறைக்க மாட்டேன். வெயிலுக்காக இல்லை, சாரலுக்காக. காலை மாலைத் தாழ்ந்த வெயிலை எந்தத் தாழ்வாரமும் தடுக்காது. நம் நிலத்தில் கிழக்கும் மேற்கும் அடுத்தவர் சுவர் என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

மழைக்காலத்தில் நம் வானம் வெள்ளைத் துணி போர்த்தியது மாதிரி, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு வெளிச்சம். வரைகிறவருக்கு நல்லதுதான், ஆனால் அளவு குறைவு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3 மீட்டர் என்றால், அறைக்குள் வேலைக்கு உதவுகிற வெளிச்சம் அதன் இரண்டு மடங்கு, கூடினால் இரண்டரை மடங்கு தூரம் போகும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் என்றால் 6 மீட்டருக்கு அப்பால் பகலிலும் விளக்கு. இரண்டு பக்கமும் என்றால் 13 மீட்டர் ஆழம் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் ஸ்டூடியோ மாடியை 13 மீட்டர் ஆழத்தோடு நிறுத்துங்கள். 18க்கு 13, மொத்தம் 234 சதுர மீட்டர். மாடிப்படி, லிஃப்ட் போக 200. ஒரு மாணவருக்கு 4 சதுர மீட்டர் என்று வைத்தால் மாடிக்கு 50 பேர். நம் பள்ளி 100 பேருக்கு. இப்படித்தான் எண்ணிக்கை செக்ஷனிலிருந்து வர வேண்டும். '300 மாணவர்' என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு நிலத்துக்குள் அமுக்குகிற வேலை வேண்டாம்.

4 சதுர மீட்டர் என்பது ஆடம்பரமா என்று கேட்பார்கள். ஏ1 தாள் 594க்கு 841 மில்லிமீட்டர். அதை விரித்து, பக்கத்தில் மடிக்கணினியும் மொடலும் வைக்க 1.5க்கு 0.9 மேசை, நாற்காலி, பின்னால் போக வர வழி. கூட்டிப் பாருங்கள், மிச்சமே இருக்காது. வடக்கும் தெற்கும் ஜன்னலாகப் போனதால் படம் குத்துவதற்குச் சுவர் எங்கே என்றும் கேட்க வேண்டும். கிழக்கு, மேற்குச் சுவர்கள் தலா 13 மீட்டர் இருக்கின்றன. தரையிலிருந்து 2.4 மீட்டர் வரை முழுவதும் மென்பலகை. அங்கே அலுமாரி, மின்பலகை எதையும் வைக்க விடாதீர்கள்.

முழுக் கண்ணாடிச் சுவர் ஆசை பலருக்கு வரும். 1926இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவில் கிரோப்பியஸ் கட்டிய பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியின் பட்டறைப் பகுதியைப் படத்தில் பார்த்திருப்பார்கள். அழகுதான். அந்த ஒற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் கோடையில் வெந்ததும் குளிரில் விறைத்ததும் படத்தில் தெரியாது. ஹட்டனில் வேகாது, ஆனால் ஜனவரி காலையில் கண்ணாடியில் நீர் கோத்துத் தாளில் சொட்டும். முழங்கால் உயரத்துக்குச் சுவர் வையுங்கள், அதற்கு மேலே கண்ணாடி. திறக்கிற பகுதி மேலே கீல் வைத்து வெளியே தள்ளுகிற வகை. மழையிலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.

அதேபோல், கொழும்பில் பார்த்த திறந்த முற்றத்தையும் திறந்த நடைபாதையையும் அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்காதீர்கள். கொழும்பு வெக்கைக்கு அது மருந்து. இங்கே ஜூன், ஜூலையில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும். மூடுபனி நடைபாதை வழியாக வகுப்புக்குள்ளேயே நுழையும்.

சத்தம், ஈரம், தீ

கூரை சாய்வாக இருக்கட்டும். மொட்டைமாடி வேண்டாம், ஒழுகாத மொட்டைமாடியை இந்த மழையில் வருடக்கணக்காகப் பராமரிக்கிற பணம் எந்தப் பள்ளியிடமும் இல்லை. தகரக் கூரை என்றால் மழை நேரத்தில் விரிவுரை கேட்காது. தகரத்துக்குக் கீழே கண்ணாடி நார்ப் படுக்கையோ வேறு தடிப்பான மெத்தையோ போட்டு, அதற்குக் கீழே சீலிங். செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் வெட்டுவது இதைத்தான். பிறகு மே மாதம் ஆசிரியர் கத்திக்கொண்டிருப்பார்.

ஈரத்தில் தாள் நெளியும், பிளைவூட் பிரியும், கார்ட்போர்ட் மொடலில் பூஞ்சணம் பிடிக்கும். களஞ்சிய அறையை மண் பக்கச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கட்டடத்தின் நடுவில், அந்த உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில் வையுங்கள். தட்டுகள் சுவரில் ஒட்டக் கூடாது, தரையிலிருந்து ஒரு சாண் மேலே.

தீ பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் டிசைன் ஸ்கூல் என்பது தாள், மரம், திரவம், சூடான கருவி எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கிற இடம். முன்பு சொன்ன கிளாஸ்கோ பள்ளி 2014இல் தீப்பிடித்தது. விரிகிற நுரையிலிருந்து வந்த வாயு ஒரு புரொஜெக்டரின் சூட்டில் பற்றிக்கொண்டது. கீழ்த்தளத்தில் தொடங்கிய தீ, பழைய காற்றுக் குழாய்களும் இடைவெளிகளும் வழியாக மேலே ஓடியது. திருத்தி முடிக்கும் தறுவாயில் 2018இல் மறுபடியும் எரிந்தது, அதைவிட மோசமாக. நம் செக்ஷனில் நாம் விரும்பியே சூட்டை மேலே அனுப்புகிறோம், குழாய்களைக் கீழிருந்து கூரைவரை கொண்டுபோகிறோம். ஆகவே ஒவ்வொரு தளத்திலும் அந்தத் துவாரம் தீ தாங்கும் பொருளால் அடைக்கப்பட வேண்டும், காற்றுக் குழாய்க்குத் தானாக மூடுகிற தட்டு வேண்டும். பெயின்ட், தின்னர், பசை எல்லாம் கட்டடத்துக்கு வெளியே, சந்துப் பக்கம் ஒரு தனிக் கொட்டிலில். ஒவ்வொரு தளத்திலிருந்தும் இரண்டு வழி. சரிவு நிலத்தில் இது சுலபம்: ரோட்டுக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று.

ஏறி இறங்குவது

சாய்தளம் 12க்கு 1 என்றால், கீழ்த்தளத்தின் 7 மீட்டர் ஏற 84 மீட்டர் நீளம் வேண்டும், இடையில் நின்று இளைப்பாறும் தட்டுகள் சேராமல். 28 மீட்டர் நிலத்தில் அது நடவாது. லிஃப்ட் வையுங்கள், சரக்கும் போகக்கூடிய அளவில். மின்சாரம் நின்ற நேரத்திலும் சக்கர நாற்காலியில் வருகிறவர் காட்சிக்கூடத்துக்கு ரோட்டிலிருந்தும் பட்டறைக்குச் சந்திலிருந்தும் நேரே வர முடிய வேண்டும்.

மாடிப்படி 1.8 மீட்டர் அகலம். எட்டுக்கு நாலு அடிப் பலகையை இரண்டு பேர் பிடித்துத் திரும்பக்கூடிய தட்டு. படியில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் வழி விடுங்கள், ஆசிரியர்கள் வரைபடங்களை அலசுகிற விமர்சன நேரத்தைவிட அங்கேதான் நல்ல யோசனைகள் பரிமாறப்படும். அகமதாபாத்தில் பாலகிருஷ்ண தோஷி 1960களில் கட்டிய கட்டடக்கலைப் பள்ளியில் இந்தப் படி, திண்ணை, நிழல் விஷயம் அருமையாக இருக்கும். அங்கே வெயிலுக்கு நிழல், நமக்கு மழைக்கு மறைப்பு, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று கட்ட மின்சாரம் சூளைக்கும் யந்திரங்களுக்கும் தேவை. மின்சார சபைக்கு முதலே எழுதுங்கள். கழிப்பறை, பிரார்த்தனை அறை, ஆசிரியர் அறை பற்றியெல்லாம் வழக்கமான விதிகள் போதும், புதிதாக ஒன்றும் இல்லை.

தாளில் எப்படிக் காட்டுவது

விமர்சனத்துக்கு வரும்போது 1:50இல் ஒரு நீள செக்ஷன், ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் கடையிலிருந்து கீழ்ச் சந்தைத் தாண்டி அடுத்த வீட்டின் கூரைவரை. நம் நிலத்துக்கு அது கட்டடம் மட்டுமே 56 சென்டிமீட்டர் வரும், ஏ1 தாளில் சுற்றுப்புறத்தோடு வசதியாக அடங்கும். பழைய நிலமட்டத்தைப் புள்ளிக் கோட்டால், வெட்டைச் சிவப்பால், தண்ணீரை நீலத்தால், ஜூன் டிசம்பர் வெயிலை மஞ்சளால் போடுங்கள். மனிதர்களை வரையும்போது இணையத்தில் எடுத்த கோட்டு சூட்டுக்காரர்களை ஒட்டாமல், குடையோடு நிற்கிற நம் சனத்தை வரையுங்கள். பிளான்கள் 1:100 போதும். முகப்புப் படம் கடைசி.

செலவு மதிப்பீட்டில் மண் வேலை, தாங்கு சுவர், கான், மழைநீர்க் குழாய் நாலையும் 'அத்திவாரம்' என்ற ஒரே வரிக்குள் போட்டு மறைக்காமல் தனித்தனி வரியாக எழுதுங்கள். பணம் போதாது என்று யாராவது சொன்னால் வெட்டுவதற்கு முகப்பில் வேண்டிய அளவு அலங்காரம் இருக்கும், அந்த நாலு வரியில் கை வைக்க விடாதீர்கள்.